பதினோரு அடி விலக்கு

ஒரு ஊர். ஊருக்குள் ஒரு ஏரி. ஏரிக்கு மேலே ஒரு தெரு, தெருக் கடைசியில் ஒரு வீடு. வீட்டுக்குள் டெலியா. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். ஷெட்டுக்குள் ஒரு மரப்படகு. படகுக்கு அடியில், மல்லாந்து படுத்தபடி, நான்.

ஊர் நியூ ஹாம்ப்ஷயரில் டன்ஸ்பரோ. என் பெயர் கேலப். டெலியா என் மனைவி. கல்யாணமாகி நான்கு வருடம். படகு வந்து ஆறு வருடம். இந்த மூப்பு வரிசையை யாரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம். வீட்டிலேயே வாரம் ஒருமுறை ஞாபகப்படுத்துகிறார்கள்.

ஷெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டுக்கு இருபத்து நான்கு அடி. உள்ளே ஹீட்டர். குழாயைத் திறந்தால் தண்ணீர். வடக்குப் பக்கம் முழுக்க ஜன்னல். பக்கத்து வீட்டு எல்லைக்கோட்டிலிருந்து ஒரே ஒரு அடி தள்ளி நிற்கிறது. இன்றைக்கு யாராவது அப்படிக் கட்டினால் ஊர் சும்மா விடாது. ஆனால் இது சட்டம் பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்டது. அண்ணனைத் தம்பி தட்டிக் கேட்க முடியாதல்லவா, அந்த மாதிரி.

மே மாதத்தில் ஒரு நாள், படகுக்கு அந்தப் பக்கம் இரண்டு செருப்புகள் வந்து நின்றன.

"கேலப், கொஞ்சம் வெளிய வா."

"வந்துட்டேன்."

"காலு மட்டும்தான் வந்திருக்கு. முழுசா வா."

முழுசாக வந்தேன். டெலியா கையில் ஒரு படம் வைத்திருந்தாள். ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் இயந்திரம். பதினான்கு அடி நீளம். படமாக மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. மறுநாளே இயந்திரமும் வந்துவிட்டது. முன்னறையில் மாட்டினார்கள். அதற்குப் பிறகு அடுக்களைக்குப் போக வேண்டுமானால் குனிந்து, அதன் வயிற்றுக்கடியில் நுழைந்து, மறுபக்கம் எழுந்திருக்க வேண்டும். காப்பிக் கோப்பையோடு திரும்பி வருவது தனி வித்தை.

"இதுக்குன்னு ஒரு ரூம் கட்டணும்" என்றாள். "பதினாறு அடி அகலம்."

"எங்க?"

"வீட்டுக்கு இந்தப் பக்கவாட்டுல. அந்தப் பக்கம் பாறை. பின்னால கழிவுத் தொட்டி. வேற எங்க கட்ட முடியும், சொல்லு?"

வீட்டுக்கும் பக்கத்து எல்லைக்கும் நடுவே இருபது அடி. அதுதான் ஷெட்டிலிருந்து தெருவுக்கு ஒரே வழி. அதில் பதினாறு அடிக்கு அறை கட்டினால் மீதி நான்கு. என் படகின் இடுப்பு ஏழடி. அறை எழுந்தால் படகு ஷெட்டுக்குள்ளேயே பிறந்து, ஷெட்டுக்குள்ளேயே வளர்ந்து, ஒருநாளும் ஏரியைப் பார்க்காது.

"உனக்கு எதாவது ஆட்சேபணை இருக்கா?" என்றாள்.

"எனக்கா? சேச்சே."

"உன் ஷெட்டு பக்கம் நான் வரவே மாட்டேன். அது உன் இடம். எனக்குத் தெரியாதா?"

எனக்குக் கண் கலங்கியது. இவ்வளவு பெருந்தன்மையா! இவளிடம் போய் "வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது? பெருந்தன்மை இல்லாத நாட்களிலேயே நான் சொன்னதில்லை.

அப்போதுதான் சட்டம் என் உதவிக்கு வந்தது.

எங்கள் ஊர்ச் சட்டப்படி எந்தக் கட்டடத்துக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவே பதினைந்து அடி வானம் தெரிய வேண்டும். டெலியாவின் அறை விடுவது நான்கு. பதினோரு அடிக்கு விலக்கு வேண்டும். அதைக் கொடுக்கிற அதிகாரம் ஊர் மண்டபத்தில் மாதம் ஒருமுறை கூடும் ஐந்து பேர் வாரியத்துக்கு. நான் நூலகத்துக்குப் போய் விதிப் புத்தகத்தை வாசித்தேன். மெய் சிலிர்த்தது. யார் எழுதினார்களோ, என் படகை மனதில் வைத்தே எழுதியிருக்கிறார்கள். விலக்கு கேட்பவர் ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதில் ஐந்தாவது: இந்த மனையில் வேறு வழியே இல்லை என்கிற கஷ்டம் இருக்கிறதா? கஷ்டம் மண்ணுக்கு இருக்க வேண்டும், மனிதருக்கு அல்ல. வேறு வழி ஒன்று இருந்துவிட்டால் விலக்கு கிடையாது.

நான் தீர்மானித்துவிட்டேன். என் வாயால் சொல்ல முடியாத 'முடியாது' என்ற சொல்லை ஐந்து பேர் வாயால் சொல்லவைப்பேன்.

"விண்ணப்பத்தை நான் எழுதறேன் டெலியா" என்றேன்.

"நீயா? உனக்கு எதுக்கு சிரமம்?"

"உனக்காக இது கூடச் செய்ய மாட்டேனா?"

"நீ எவ்வளவு நல்லவன் கேலப்" என்றாள்.

கஷ்டம் என்ன என்ற கட்டத்தில் 'சுமாரான கஷ்டம்' என்று எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். பத்து நாளில் சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் பதிவுத் தபால் போயிற்று. எங்களுக்கும் ஒன்று வந்தது. நாங்கள் விலக்கு கேட்டிருக்கிறோம் என்று எங்களுக்கே அறிவித்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். என்ன ஒரு நிர்வாகம்! செய்தவனுக்கே செய்ததைச் சொல்கிறது.

பக்கத்து வீட்டுப் பெர்லி ஹாட்சும் தன் கடிதத்தை வேலிப் பக்கம் கொண்டுவந்தார். எழுபத்தெட்டு வயது. எல்லைக்கோட்டுக்கு அந்தப் புறத்துக்காரர்.

"ஏன் தம்பி, என் ஜன்னலுக்கு முன்னாலயா கட்டப் போறீங்க?"

"ஆமா மிஸ்டர் ஹாட்ச். வெளிச்சமெல்லாம் போயிடும்."

"போனாப் போகட்டும். எனக்கு இப்பவே பாதிதான் தெரியுது."

"அப்படிச் சொல்லாதீங்க. நீங்க வந்து எதிர்த்துப் பேசணும்."

"உன் பெண்டாட்டியவா? வாரா வாரம் எனக்கு புளூபெரி கேக் கொண்டாந்து குடுக்கறா. நீ என்ன குடுத்திருக்க? ரம்பச் சத்தம்."

"அவளை எதிர்க்க வேணாம். ஒரே ஒரு வார்த்தை. எழுந்து நின்னு, 'வேற வழி இருக்கு'ன்னு சொல்லிட்டு உக்காந்துடுங்க. சட்டத்துக்கு அது போதும்."

"என்ன வழி?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

பெர்லி தாடையைச் சொறிந்தார். "அவ உன்னக் கட்டிக்கிட்டதுல ஏதோ காரணம் இருக்கும்னு ரொம்ப நாளா தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். "சரி, சொல்றேன்."

ஒரு சனிக்கிழமை காலை வாரியம் இடத்தைப் பார்க்க வந்தது. ஐந்து பேர், முழங்கால் வரை ரப்பர் காலணி, ஒரு அளவு நாடா. முன்னால் தலைவி மிஸஸ் ஸ்ப்ரேக். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இன்னமும் யாரைப் பார்த்தாலும் உட்காரச் சொல்கிற பார்வை. அது கருப்பு ஈக்கள் கடிக்கிற காலம். நான் இரண்டு கையாலும் விசிறிக்கொண்டிருந்தேன். அந்த ஐவரில் ஒருவர்கூடக் கையை அசைக்கவில்லை. ரத்தம் காதோரம் வழிய, நாடாவைப் பிடித்து, அடியும் அங்குலமும் சொல்லிக் குறித்துக்கொண்டார்கள். டெலியா காப்பி நீட்டினாள். "விண்ணப்பம் முடியற வரைக்கும் தண்ணி கூடக் கூடாதும்மா" என்றார் மிஸஸ் ஸ்ப்ரேக். எனக்குக் கைகூப்பத் தோன்றியது.

"முழு மனையையும் பாத்துடுங்க" என்று டெலியா அவர்களைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். "இது என் வீட்டுக்காரரோட ஷெட். எவ்வளவு அருமையா வெச்சிருக்காரு பாருங்க. குளிர்காலத்துல கூட உள்ள கதகதன்னு இருக்கும். வடக்கு வெளிச்சம். ஊசில நூல் கோக்கலாம்."

என்னைப் பற்றி அவள் அப்படிப் பிறரிடம் பெருமையாகப் பேசிக் கேட்டதே இல்லை. நானும் சேர்ந்து பேசினேன். குழாயைத் திறந்து காட்டினேன். கூரை ஒழுகாது என்றேன். தரை சமமட்டம் என்பதைக் காட்ட ஒரு கோலிக்குண்டை வைத்தேன். அது நகரவே இல்லை. ஐந்து பேரும் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள்.

விசாரணை ஜூன் மாதத்தில், சாயங்காலம் ஆறரைக்கு. மண்டபத்தின் உயரமான ஜன்னல்களில் இன்னும் நல்ல வெயில். மடக்கு மேசைக்குப் பின்னால் ஐவர். எங்களுக்கு முன்னால் ஒருவருடைய கோழிக்கூடு விசாரணைக்கு வந்தது. இரண்டு அடி விலக்கு. அந்த இரண்டு அடியை ஐந்து பேரும் இருபது நிமிடம் பேசினார்கள். கோழிக்கு நிழல் விழுமா, பக்கத்து வீட்டாருக்குத் தூக்கம் கெடுமா, சேவல் உண்டா. உலகத்தில் எங்கேயாவது ஒரு கோழிக்கு இவ்வளவு நியாயம் கிடைத்திருக்குமா? இப்பேர்ப்பட்டவர்கள் கையில் என் படகு பத்திரம்.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். டெலியா எழுந்து இயந்திரத்தின் நீளத்தைச் சொன்னாள், உட்கார்ந்துவிட்டாள். இரண்டே வாக்கியம். பாவம், வாதாடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"மிஸ்டர் டர்ஜன்" என்று என்னைப் பார்த்தார் மிஸஸ் ஸ்ப்ரேக். "சுமாரான கஷ்டம்னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா?"

"தாங்கிக்கலாம்ங்க."

"உங்களுக்கு இந்த ரூம் வேணுமா, வேணாமா?"

"சட்டம் என்ன சொல்லுதோ அதுங்க."

"அக்கம்பக்கத்துக்காரங்க யாராவது பேசணுமா?"

பெர்லி மெதுவாக எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். "வேற வழி இருக்கு" என்றார். உட்காரப் போனார்.

"நில்லுங்க பெர்லி. என்ன வழி?"

நான் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை. தேக்கோ என்னவோ.

"ஷெட்டு" என்றார் பெர்லி. "அவங்க கிட்ட ஒண்ணு இருக்கே. பதினாலடி மெஷினு, அதுக்கு இருபத்து நாலடி ரூமு. ரெடியா நிக்குது."

ஐந்து தலைகளும் குறிப்புத் தாளுக்குக் குனிந்தன. ஐந்து தலைகளும் நிமிர்ந்தன.

"மிஸ்டர் டர்ஜன், ஷெட்டுல ஹீட்டர் இருக்குன்னு நீங்கதான காட்டினீங்க?"

"ஆமாங்க."

"தண்ணி?"

"ஆமாங்க."

"தரை சமமட்டம்?"

"கோலிக்குண்டு... ஆமாங்க."

"இப்ப உள்ள என்ன இருக்கு?"

"ஒரு படகு இருக்குங்க. மரப்படகு. மழையில வெக்கக் கூடாது."

"படகையா?" என்றார் மிஸஸ் ஸ்ப்ரேக்.

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். கோழிக்கூட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

"ஆனா அந்த ஷெட்டு எல்லையில இருந்து ஒரே அடிங்க!" என்றேன். "அதுவே சட்டப்படி..."

"சட்டத்துக்கு முந்தினது. நின்னபடியே நிக்கட்டும். வீட்டுக்காரம்மா உள்ள உக்காந்து தைக்கறதுக்கு எங்க அனுமதி தேவையில்லை" என்றார் மிஸஸ் ஸ்ப்ரேக்.

"படகை எங்க வெக்கறது?"

"படகு கட்டடம் இல்ல. முற்றத்துல எங்க வேணா நிக்கலாம்" என்று விதிப் புத்தகத்தைப் புரட்டினார் ஓர் உறுப்பினர். "வெளிய கொண்டுவரவும் தடை இல்ல. பக்கவாட்டுல இருபது அடி காலியாதான இருக்கு. ரூம் கட்டலையே."

கை தூக்கினார்கள். ஐந்துக்கு ஐந்து. விலக்கு மறுக்கப்பட்டது. காரணம்: மனையில் போதுமான கட்டடம் ஏற்கெனவே உள்ளது, விண்ணப்பதாரர் தாமே அதை நிரூபித்துள்ளார். எழுத்தர் அதை எழுதினார், முத்திரை குத்தினார். ஒரு நாளும் என் வீட்டில் யாரும் இப்படி ஒருமனதாக இருந்ததில்லை. கலங்கிப் போயிருந்தும் வியக்காமல் இருக்க முடியவில்லை.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள். நான் டெலியாவின் பக்கம் ஓடினேன்.

"டெலியா, இது அநியாயம்! முப்பது நாள் டைம் இருக்கு. அப்பீல் பண்ணலாம். உனக்கு அந்த ரூம் கிடைச்சே ஆகணும். நானே வாதாடறேன்!"

"வேணாம் கேலப்" என்றாள் சாந்தமாக. "அஞ்சு பேர் வந்து, ஈக்கடி பட்டு, அளந்து பாத்துச் சொல்லியிருக்காங்க. அதுக்கு மேல நாம யாரு?"

பெர்லி தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"மிஸ்டர் ஹாட்ச்! 'வேற வழி இருக்கு'ன்னு மட்டும்தான சொல்லச் சொன்னேன்?"

"சொன்னேனே."

"ஷெட்டுன்னு ஏன் சொன்னீங்க?"

"என்ன வழின்னு கேட்டா என்ன சொல்றதுன்னு நீ சொல்லித் தரல தம்பி. நீ வேலியை விட்டுப் போன அஞ்சாவது நிமிஷம் உன் பெண்டாட்டி கேக்கோட வந்தா. மிச்சத்தை அவ சொல்லித் தந்தா." என் தோளைத் தட்டினார். "பாதி உன்னுது, பாதி அவளுது. குடும்பம்னா அப்படித்தான் இருக்கணும்." தொப்பியைத் தொட்டு டெலியாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் டெலியாவைப் பார்த்தேன். நூலகத்தில் நான் வாசித்த விதிப் புத்தகத்தில் ஐந்தாவது கேள்விக்கு நேரே யாரோ பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீ நிஜமா ரூம் கேக்கவே இல்ல" என்றேன்.

"கேட்டேனே. எல்லார் முன்னாடியும், கையெழுத்துப் போட்டுக் கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க."

"ஷெட்டை எங்கிட்டயே நேரா கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருந்தா நீ 'சேச்சே, உனக்கில்லாததா'ன்னு சொல்லியிருப்ப. அடுத்த ஆறு வருஷம் படகுக்கு அடியில படுத்திருப்ப."

உண்மைதான். வார்த்தைக்கு வார்த்தை அப்படியேதான் சொல்லியிருப்பேன். மிஸஸ் ஸ்ப்ரேக் தன் கோப்புகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் திரும்பி, "மடக்கற நாற்காலி இன்னும் நாலு இருக்கு மிஸ்டர் டர்ஜன்" என்றார். மடக்கினேன்.

"அந்தப் படகு ரொம்ப கனம் டெலியா" என்றேன், கடைசி முயற்சியாக. "எட்டு ஆள் வேணும் தூக்க. இந்த ஊர்ல எட்டு ஆளைச் சேக்கவே ஒரு வருஷம் ஆகும்."

"ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வராங்க எட்டு பேரும்" என்றாள் டெலியா, கைப்பையை மாட்டிக்கொண்டே. "மெஷினு வாங்கின அன்னிக்கே சொல்லி வெச்சுட்டேன்."

சொல்லிவிட்டு, நல்ல வெயிலில், ஏரிப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள்.