மாயாஜாலக்காரரை உயிர்ப்பிக்கும் பொத்தான்

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. ஆனால், செய்ததைச் செய்யாததாக்கும் கலையைக் கரைகண்டது, யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற இணையக் கலைக்களஞ்சியத்தின் ‘மீட்பு எளிமையாக்கக் குழு’தான்.

அதன் முன்னால் அன்று ஒரு மாயாஜாலக்காரர் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு புண்ணியவான் அவருடைய கட்டுரையில் ‘காலமானார்’ என்று எழுதிவிட, பிறந்தநாள் விழாக்களுக்கு அவரைக் கூப்பிடுவது அடியோடு நின்றுபோயிற்று.

“நேத்து ஒருத்தன் என் சம்சாரத்துக்கு ஆறுதல் சொல்லப் போன் பண்றான். நான் எடுத்தேன். ஆவி பேசுதுன்னு பயந்து போனை வெச்சுட்டான் சார்! வெட்டின பொண்ணையே கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள ஒட்ட வெச்சவன் நான். ஒரு வார்த்தையை எடுக்க இவ்வளவு நேரமா?”

“செத்தவருக்கு என்னய்யா அவசரம்?” என்றார் தலைவர்.

எழுதியதை நீக்கப் பொத்தான்கள் மூன்று; அவற்றை ஒன்றாகக் குறைக்கத்தான் குழுவே. ‘மீளமை’ ஒரே ஒரு திருத்தத்தைப் பிடுங்கும். அதன்மேல் வேறு திருத்தங்கள் ஏறி உட்கார்ந்துவிட்டால் அசையாது. மாயாஜாலக்காரரின் சாவின்மேல் ரசிகர்களின் இரங்கல்கள் ஏறியிருந்தன. ‘முன்னிலையாக்கு’ கடைசியாக எழுதியவரின் கைவரிசையை மட்டும் துடைக்கும். கடைசி இரங்கல் போகும், சாவு இருக்கும். ‘மீட்டெடு’ கட்டுரையையே பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

“அதையே அமுக்குங்களேன்!”

“அப்புறம் சேர்த்ததெல்லாம் போயிடுமே,” என்றார் செயலாளர் அம்மா. “செத்தப்புறம்தான் உங்களை ‘மாமேதை’ன்னு போட்டிருக்காங்க.”

மாயாஜாலக்காரர் சற்றே தடுமாறினார். “பரவாயில்லம்மா. சும்மா மேதையாவே இருந்துட்டுப் போறேன்.”

“இப்ப ஒண்ணை அமுக்கினா, மத்த ரெண்டும் வேண்டாம்னு குழு முடிவு பண்ணின மாதிரி ஆயிடும். அதுக்குத் தனிக் கூட்டம் போடணும்,” என்றார் தலைவர்.

“சரி, அந்த வார்த்தையைக் கையாலேயே அழிச்சிட்டா?”

“அது நாலாவது வழி!” என்று பதறினார் தலைவர். “வழியைக் குறைக்கத்தானய்யா நாங்க உக்காந்திருக்கோம்!”

தேநீர் வந்தது. அந்தச் சந்தடியில் மாயாஜாலக்காரர் கணினிப் பக்கம் மெல்லச் சாய்ந்தார். ‘காலமானார்’ காணாமல் போயிற்று. நெடுநாளைக்குப் பிறகு அவர் நன்றாக மூச்சு விட்டார்.

“ஆதாரம் எங்கே?” என்று துள்ளி எழுந்தது குழு. “தன்னைப் பத்தித் தானே எழுதிக்கலாமா? அமுக்குங்க!”

“எதை அமுக்க?” என்றார் செயலாளர் அம்மா.

“எதை வேணா அமுக்குங்கம்மா,” என்றார் தலைவர். “கடைசித் திருத்தம்தானே, மேல ஒண்ணும் ஏறல. மூணும் ஒரே வேலையைத்தான் செய்யும்!”

கண் மூடித் திறப்பதற்குள் மாயாஜாலக்காரர் மறுபடியும் காலமானார்.

“உயிரைக் குடுக்க ஒண்ணுகூட உதவல,” என்றார் மாயாஜாலக்காரர். “எடுக்க மட்டும் மூணும் போட்டி போட்டுட்டு வருது!”

இந்த அரிய கருத்து குறிப்பேட்டில் ஏறியது. மூன்று பொத்தான்களும் ஒன்றேதான் என்று குழு அன்றே ஏகமனதாகத் தீர்மானித்தது. சோதனைக்கு நேரில் வந்து ஒத்துழைத்த அமரர் மாயாஜாலக்காரருக்கு நன்றியும் தெரிவித்தது.