வால் முளைத்த குலசாமி

என் மாமனார் வீட்டுக் குலசாமியை ஈரத் துணியால் துடைத்து அழித்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து, ரொம்பப் பொறுப்பாகச் செய்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி ஐந்து வருஷம். மகள் தேனுவுக்கு நாலு வயது. வில்லாபுரத்தில் மாமனார் வீட்டில் அன்று சாயங்காலம் சாமி கும்பிடு; நான் அதற்கு வந்தது அதுதான் முதல் தடவை. அதற்காக வீடு முழுக்க வெள்ளையடித்திருந்தார்கள். மதியம் மாமா, அத்தை, என் மனைவி சரோஜா மூன்று பேரும் கடைவீதிக்குக் கிளம்பினார்கள்.

"வீட்டையும் பிள்ளையையும் பாத்துக்கங்க மாப்ள" என்றார் மாமா.

வீட்டைப் பார்த்தேன். பிள்ளையைப் பார்த்தேன். பிறகு பேப்பரைப் பார்த்தேன். அப்படியே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது கூடத்துச் சுவரில் ஒரு நீல ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் நீள வாலோடு ஒரு நாய், அல்லது ஆடு, அல்லது நான் (மீசை இருந்தது). நான் வாங்கிக் கொடுத்த மெழுகுக் கலர்தான்.

ஈரத் துணியால் தேய்த்தேன். சுண்ணாம்பு வந்தது, ரயில் வரவில்லை. மண்ணெண்ணெயைத் தொட்டுத் தேய்த்தேன். ரயில் கரைந்து நீல மேகமாகப் படர்ந்தது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஓடினேன். "சோப்புப் போடுங்க தம்பி" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "சோப்புப் போட்டா இன்னும் இழுகும், உப்புத்தாள வச்சுத் தேய்ங்க" என்றார். யார் சொல்வது சரி என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். சுவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

இன்னும் எங்கெல்லாம் வரைந்திருக்கிறாள் என்று தேடிப் போனால், சாமி அறைச் சுவரிலும் இருந்தது. மஞ்சளில் ஒரு சதுரம், அதற்குள் சிவப்புக் கோடுகள், இரண்டு கண்கள்.

"இதுவும் நீதானா?"

"ஆமா" என்றாள் தேனு. (அந்த வயதில் எதைக் கேட்டாலும் ஆமாதான். நீதான் கலெக்டரா என்று கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பாள்.)

இரண்டே தேய்ப்பில் சுத்தமாகப் போய்விட்டது. அன்று எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது.

எல்லோரும் திரும்பி வந்தார்கள். மாமா கூடத்தில் நின்று மண்ணெண்ணெய் வாடைக்கு மூக்கை உறிஞ்சினார். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் சாமி அறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"மாப்ள, சாமி எங்க?"

"யாரும் வரலையே அத்தை." (பால்காரர் பெயர் சாமி.)

"இங்க இருந்த சாமியக் கேக்குறேன்."

"உள்ளேயெல்லாம் யாரையும் விடல அத்தை."

சரோஜா என் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். அது மஞ்சளாக இருந்தது. "தொடச்சுட்டீங்களா?" என்றாள் மெதுவாக.

அதன்பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. மாமாவின் அக்கா திருவாதவூரிலிருந்து முதல் பஸ்ஸில் விரதத்தோடு வந்து, குலசாமியைச் சுவரில் வரைந்துவிட்டு, மாடு கன்று போடும் நேரம் என்று அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விட்டாராம். காலையில் நான் எழுந்திருக்கும் முன்பே இதெல்லாம் முடிந்திருந்தது. வருஷா வருஷம் அவர் ஒருவர்தான் வரைவார். விளக்கு வைக்க ஒரு மணி நேரம்கூட இல்லை.

அத்தை தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து மஞ்சளைக் குழைத்தார். அப்போதுதான் புதுச் சிக்கல்.

"கோடு மூணா, அஞ்சா?"

"மூணு" என்றார் மாமா.

"அஞ்சுன்னுல்ல ஞாபகம்."

"அம்புட்டுக் கோடு ஏது?"

கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. பிறகு இருவரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். "கடைசியாப் பாத்தது மாப்ளதானே. அவரையே கேப்போம்" என்றார் மாமா.

என் தலைக்குள் ரயில், நாய், சாமி எல்லாம் கலந்து கிடந்தன. அழித்ததும் போதாமல் தெரியாது என்றும் சொல்ல வாய் வரவில்லை.

"கோடு அஞ்சு" என்றேன். "ரெண்டு கண்ணு. கீழ ஒரு வால்."

"வாலா?"

"சின்ன வால்தான் அத்தை."

"எந்தப் பக்கம் மாப்ள?"

வலது பக்கம் காட்டினேன். அத்தை பயபக்தியோடு வரைந்தார். சூடம் ஏற்றும்போதுதான் அந்த வால் கூடத்துச் சுவரில் பார்த்தது என்று எனக்கு உறைத்தது. எல்லோரையும்விட நான்தான் அன்று உருகி உருகிக் கும்பிட்டேன்.

அடுத்த வருஷம் மாமாவின் அக்கா வந்தார். மாமா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றேன். அவர் வெகுநேரம் யோசித்தார்.

"எங்க அய்யா வரைஞ்சப்ப வால் இருந்த மாதிரிதான்யா இருக்கு. நாந்தான் இத்தன வருஷமா விட்டுட்டேன் போல" என்று சொல்லிவிட்டு, தானே ஒரு வால் போட்டார்.

உண்மையிலேயே இருந்ததா, இல்லையா? எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து அவர்கள் பங்காளி வீடு அத்தனையிலும் வால் உண்டு.

போன வருஷம் கே.கே. நகரில் சரோஜாவின் அண்ணன் மகன் வீட்டில் சாமி கும்பிட்டார்கள். வரைந்து முடித்துவிட்டு அவன் எனக்கு விளக்கினான். "வேட்டைக்குப் போன சாமிக்குத் துணையாப் போன நாய் மாமா. அதோட வால் இது. இதான் முக்கியம். ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"எந்தப் பக்கம் வரையணும்?" என்று கேட்டேன்.

"வலது பக்கந்தான் மாமா. மாத்தி வரைஞ்சா குத்தம்" என்றான்.