ஜூஸ்காரர் வீட்டுச் சினை மாடு

மாட்டுத் தீவனத்தைத் தான் தின்று பார்த்துத் திருப்தியான பிறகே மாட்டுக்குப் போட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் மரக்காணம் உப்பளத்தில் என்னோடு உப்பு வாரினார். பெயர் ஜூஸ்காரர். வாழ்நாளில் ஒரு டம்ளர் ஜூஸ்கூட விற்றதில்லை.

நான் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு கோடையில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். படுக்க அவர் வீட்டுத் தகரக் கொட்டகையில் பாதி கிடைத்தது. மறுபாதியில் அவருடைய பசு. கோடையில் அந்தப் பக்கம் புல் என்று ஒன்று கிடையாது. மாட்டின் விலா எலும்புகளைப் படுத்தபடியே எண்ணலாம்.

"மழ வர்ற வரைக்கும் இதுக்கு என்னத்தப் போடுவ? புரோக்கர் வந்தா புடிச்சிக் குடுத்துடுவேன்" என்று அவர் மனைவி அஞ்சலை சொல்லிவிட்டார்.

ஜூஸ்காரர் அசரவில்லை. குயிலாப்பாளையத்தில் பழக்கூழும் ஜாமும் போடும் ஒரு சின்ன கம்பெனி, தோலையும் சக்கையையும் குழியில் கொட்டிக்கொண்டிருந்தது. அதை மூட்டை கட்டி மொபெட்டில் ஏற்றி வருவார். அன்றிலிருந்துதான் அந்தப் பெயர். வழியில் கூனிமேடு டீக்கடையில் வண்டி நின்றால் ஈயும் குளவியும் கூடவே நிற்கும்.

"ஏம்பா, ஊர்வலம் வந்துடுச்சு. பொண்ணு மாப்பிள்ள எங்க?" என்பார் கடைக்கார பாய்.

ஜூஸ்காரர் மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து மென்றபடி, "அன்னாசித் தோலு நாக்க அறுக்குது பாய். மாம்பழத் தோலு பரவாயில்ல" என்பார்.

ஈரத் தோல் இரண்டே நாளில் புளித்து நாறியது. காய வைத்தால் மழை வரை தாங்கும் என்று நினைத்தார். உப்பளத்துக்காரர் வேறு எங்கே காய வைப்பார்? உப்பு வாரி முடித்த காலிப் பாத்தியில் பரப்பினார். தோல் அப்பளம் மாதிரி காய்ந்தது. அதன்மேல் உப்பும் பூத்தது. வழக்கம்போல் தின்று பார்த்தார்.

"ஊறுகா மாதிரி இருக்குதுடா" என்று எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது.

மாட்டுக்கும் பிடித்துவிட்டது. தின்றது. பிறகு தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. தொட்டியைக் குடித்தது, அஞ்சலையின் குடங்களைக் குடித்தது, பக்கத்து வீட்டு அண்டாவையும் விடவில்லை. லாரித் தண்ணீரை நம்பி வாழும் தெரு அது. எங்கள் வீட்டு ஆளைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். அஞ்சலை புரோக்கருக்கு போன் போட்டார்.

வந்த புரோக்கர், உப்பிய வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "சினையா இருக்குது போல. சொல்லவே இல்லியே. இப்பவே புடிச்சிட்டுப் போறேன்."

அஞ்சலை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கயிற்றை அவிழ்த்தார்.

"சினையெல்லாம் இல்லீங்க" என்றார் ஜூஸ்காரர். "கொஞ்ச நேரம் நில்லுங்க. அதுவே சொல்லும்."

மாடு வாலைத் தூக்கியது. புரோக்கர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார். அது சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. வயிறு பழைய இடத்துக்குப் போனது. புரோக்கரும் போனார்.

அஞ்சலை கயிற்றைப் புருஷன் மடியில் எறிந்தார். "நாளையிலேர்ந்து வாசல்ல காய வையி. மறுபடியும் பாத்தியில கொட்டுன, மாட்டோட சேத்து உன்னையும் புடிச்சிக் குடுத்துடுவேன்."

ஜூஸ்காரர் மாட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அது அவர் முதுகை நக்க ஆரம்பித்தது.

"பாருடா, பாசத்த" என்றார்.

நாளெல்லாம் உப்பளத்தில் வியர்த்துக் காய்ந்த முதுகு. மாடு எதற்காக நக்குகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். "ஆமாண்ணே, பாசந்தான்" என்றேன்.