முப்பத்துமூன்று அங்குலம்

ஒரு மனிதனுக்குப் புத்தி கெடக் குடியும் சூதும் வேண்டும் என்று நினைப்பவர்கள், மழைக்காலத்தில் கையில் ஒரு போனோடு வீட்டில் அடைந்து கிடந்திருக்க மாட்டார்கள். எனக்கு அந்தப் போனே போதுமாக இருந்தது. எங்கேயோ ஒரு பாலைவனத்தில் ஒரு வெள்ளைக்காரன், ஆளுயர டயர் மாட்டிய ஜீப்பைப் பாறை மேல் ஏற்றிக்கொண்டிருப்பான். தலவாக்கலையில் போர்வைக்குள் கிடக்கும் நான் அவனுக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பேன். (யார் வந்திருக்கிறார்கள் என்று மனைவி இரண்டு முறை எட்டிப் பார்த்ததும் உண்டு.)

அப்போது நான் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியர். கணித ஆசிரியர் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓய்வுபெற்ற ஒரு தேயிலைத் தொழிற்சாலை அதிகாரியிடமிருந்து பழைய ஜப்பான் ஜீப் ஒன்றை வாங்கியிருந்தேன். அவர் அதற்கு வேறு ஸ்பிரிங் போட்டு இரண்டு அங்குலம் உயர்த்தி வைத்திருந்தார். நான்கு சில்லுகளும் சேர்ந்து இழுப்பதற்கு ஒரு லீவர் இருந்தது. அது வேலை செய்யவில்லை. விற்கும்போதே மனிதர் அதை நேர்மையாகச் சொல்லி, முதலில் அதைத் திருத்துங்கள் என்றும் சொன்னார்.

நான் அதைத் திருத்தவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் இடையில் இருந்த வெற்றிடம்தான். அப்பாவின் காற்சட்டையைப் போட்ட பையனின் கால்கள் மாதிரி, உயர்ந்த உடம்புக்குக் கீழே டயர்கள் ஒல்லியாகத் தெரிந்தன. அந்த இடைவெளியை நிரப்பினால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்றாகிவிட்டது.

ஹட்டனில் டயர்க்கடை வைத்திருந்த நிமல் நல்ல மனிதர். சிங்களவர், ஆனால் பாதிப் பேர் பேசுவதைவிடத் தெளிவாகத் தமிழ் பேசுவார். ஜீப்பைச் சுற்றிவந்து, குனிந்து, வளைவுக்குள் கையை விட்டு அளந்து பார்த்தார். இருந்த டயரின் உயரம் இருபத்தொன்பது அங்குலம். எனக்கு வேண்டியது முப்பத்துமூன்று. கூடவே, வெளியே தள்ளி நிற்கும் அகலமான கறுப்பு ரிம்.

"சேர், ரெண்டு இன்ச்தான் தூக்கியிருக்கு. இதுக்கு முப்பத்தொண்ணு போதும்," என்றார் நிமல். "முப்பத்திமூணு போட்டா ஸ்டீயரிங் முழுசாத் திருப்ப ஏலாது, முட்டும். கியரும் மாத்தணும். இல்லாட்டி ஏத்தத்துல இழுக்காது."

இதைவிடச் சுருக்கமாக ஒரு மனிதரின் எதிர்காலத்தை யாரும் சொல்லியிருக்க முடியாது. நான் சிரித்து, கணக்கெல்லாம் எனக்குத் தெரியும் என்றேன். அவர் முப்பத்துமூன்றையே எடுத்துவந்தார். மாட்டி முடித்ததும், கிளம்புவதற்கு முன் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்க்கச் சொன்னார். நான் நேராக ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

நேர்ச்சாலையில் அது ராஜா மாதிரிப் போனது. பஸ்ஸில் இருப்பவர்களை நான் கீழ்நோக்கிப் பார்த்தேன். வீட்டு வளைவில் திரும்பும்போது எங்கோ கர்ரென்று ஒரு சத்தம் வந்தது. புது டயர், பழகப் பழகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே விளக்கம் கொடுத்தேன். (டயர் என்ன, செருப்பா?) தபால் கந்தோரில் வேலை செய்யும் என் மனைவி மேகலா வெளியே வந்து பார்த்தாள். ஏறுவதற்காக ஒரு காலைத் தூக்கினாள். சேலை இடம் கொடுக்கவில்லை. காலை இறக்கிக்கொண்டு, "நான் பஸ்ஸுலயே போய்க்கிறேங்க," என்று உள்ளே போய்விட்டாள்.

இத்தோடு நின்றிருந்தால் இது ஒரு குடும்பத் தகராறு மட்டும்தான்.

எங்கள் பாடசாலையில் ஒன்பதாம் தரம் வரைதான் இருந்தது. அதற்குப் பிறகு படிக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் தோட்டத்தின் மேல்பிரிவிலிருந்து நடந்து இறங்கி, கீழே பஸ் பிடித்து, டவுனுக்குப் போக வேண்டும். பாதிப் பேர் போகவில்லை, அதிலும் பெண்பிள்ளைகள். பத்தாம், பதினோராம் தரங்களை எங்களிடமே தொடங்க அனுமதி கேட்டு அதிபர் எழுதாத கடிதமில்லை. கடைசியில், பார்த்து முடிவு சொல்ல ஒரு கல்விப் பணிப்பாளர் வருவதாகப் பதில் வந்தது. பெயர் திருமதி யோகேஸ்வரி. யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர் என்றார்கள். அவருடைய வேன் தொழிற்சாலை வரைதான் வரும். அதற்கு மேல் தோட்டத்துப் பாதை.

வழக்கமாக ஆட்டோ ஓட்டும் ராஜனைச் சொல்லி வைக்கலாம் என்றார் அதிபர். நான் எழுந்து நின்றேன். ஒரு பணிப்பாளரை ஆட்டோவிலா கூட்டிவருவது என்று கேட்டேன். என்னிடம் எப்படிப்பட்ட வண்டி இருக்கிறது என்பதை விளக்கினேன். ஆசிரியர் கூட்டத்தில் டயரின் விட்டம் பற்றி ஐந்து நிமிடம் பேசியவன் இலங்கையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதிபர் நம்பினார். அவர் முகத்தில் தெரிந்த அந்த நம்பிக்கைதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

அன்று காலை ஒன்பது மணிக்கு, வெள்ளைச் சட்டையும் டையுமாகத் தொழிற்சாலை வாசலில் நின்றேன். மழை விட்டிருந்தாலும் பாதை ஈரமாக இருந்தது. வேனிலிருந்து இறங்கிய பணிப்பாளர் அம்மா சின்ன உருவம். நீலக் கரை போட்ட சேலை, கையில் ஒரு கோப்பு. ஜீப்பை அடியிலிருந்து முடி வரை ஒருமுறை பார்த்தார்.

"தம்பி, இது வாகனமோ, மாடி வீடோ?" என்று கேட்டார்.

தொழிற்சாலைக்குள் ஓடிப்போய், கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டேன். அவர் அதில் ஏறி, அங்கிருந்து ஜீப்புக்குள் ஏறி, சேலையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி உட்கார்ந்தார். நான் நாற்காலியை மரியாதையாக எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தேன். இறங்கும்போதும் நாற்காலி தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் அரைக் கிலோமீட்டர் நன்றாகப் போனது. அம்மா தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாதை கூர்மையாகத் திரும்பும் முதல் முடக்கில் ஸ்டீயரிங்கை ஒடித்தேன். கர்ர். பாதி ஒடிந்ததும் டயர் வளைவில் முட்டி நின்றுவிட்டது. பின்னால் எடுத்து, மறுபடி முன்னால், மறுபடி பின்னால் என்று ஒரே முடக்கை நான்கு தவணையில் திரும்பினேன். ஒவ்வொரு தடவை பின்னால் போகும்போதும் அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னுக்குப் பள்ளம் இருப்பதை அமைதியாக ஞாபகப்படுத்தினார்.

இரண்டாவது முடக்கு அதைவிடச் செங்குத்து. முதல் கியரில் ஜீப் கொஞ்சம் முனகியது, நடுங்கியது, நின்றது. மறுபடி கிளப்பினேன். மறுபடி நின்றது. கிளச் கருகும் வாசனை வந்தது. அம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். பாறை மேல் ஏறிய அந்த வெள்ளைக்காரனை நினைத்துக்கொண்டேன். அவன் உதவிக்கு வரவில்லை.

வந்தது ராஜனின் ஆட்டோ. பாடசாலை விருந்துக்கு வடையும் வாழைப்பழமும் ஏற்றிக்கொண்டு, தட்டு மாதிரி மூன்று சின்னச் சில்லுகளோடு டக டகவென்று எங்களைத் தாண்டிப்போய், மேலே நின்றது. ராஜன் எட்டிப் பார்த்து, மேடத்தைத் தான் ஏற்றிக்கொண்டு போகவா என்று பணிவாகக் கேட்டான். வேண்டாம், நீ போ என்றேன். அந்த மூன்று சொற்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள நான் என் ஜீப்பையே கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறேன். அதுவும் பத்து நிமிடத்திற்குள்.

மூன்றாவது தடவை, கொஞ்சம் பின்னால் போய் வேகமெடுத்து வந்தேன். டயர் உள்ளிருந்த பிளாஸ்டிக் மறைப்பைக் கிழித்து இழுத்து, அதையே தனக்குள் சுருட்டிக்கொண்டது. ஸ்டீயரிங் இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. முடக்கின் நடுவில், பாதையை முழுவதும் அடைத்துக்கொண்டு ஜீப் குறுக்கே நின்றது. நான் குதித்து இறங்கிச் சில்லுகளுக்குக் கல் வைத்தேன்.

பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் வேலையை நிறுத்திவிட்டுக் கிட்டே வந்தார்கள். மேலே போன ராஜனும், வடையை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து ஜீப்புக்கு அந்தப் பக்கத்தில் நின்றான். ஆக, சபை கூடிவிட்டது. பணிப்பாளர் மட்டும் இறங்க முடியாமல் மேலேயே இருந்தார்.

கொழுந்துச் சாக்கு இரண்டை அடுக்கிப் படி மாதிரி வைக்கலாமா என்று கேட்டேன். அந்தப் பெண்களில் மூத்தவர், சரசு அக்கா, தயங்கினார். கொழுந்து நசுங்கினால் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு தங்களைத்தான் ஏசுவார் என்றார். அது காதில் விழுந்ததும், சாக்கைத் தொட வேண்டாம் என்று அம்மா மேலிருந்து சொல்லிவிட்டார். கால் வைத்து இறங்கும் அளவுக்குக் கல்லும் இல்லை, பெட்டியும் இல்லை. அப்போது நான் செய்ததை இன்னொருவர் செய்ததாகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் அங்கே கண்ணுள்ள பத்துப் பேர் இருந்தார்கள்.

நான் ஜீப்புக்குப் பக்கத்தில் சேற்றில் கையையும் முழங்காலையும் ஊன்றிக் குனிந்தேன்.

பிறகு மேலே ஏதோ அசைந்தது. பணிப்பாளர் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்திருக்கிறார். "மன்னிக்க வேணும் தம்பி," என்றார். முதுகில் வெறுங்கால் ஒன்று மெதுவாகப் பட்டது, பிறகு இன்னொன்று. சரசு அக்கா கைகொடுக்க, அவர் தரையில் இறங்கினார். டை சேற்றில் நனைந்துகொண்டிருந்ததைப் பார்த்தபடியே நான் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். எழுந்தால் முகங்களைப் பார்க்க வேண்டுமே.

ராஜன் ஆட்டோவின் கதவு ரெக்சினை விலக்கிப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றான். அம்மா ஏறவில்லை. சரசு அக்காவைப் பார்த்து, பிள்ளைகள் பாடசாலைக்கு எதில் போகிறவர்கள் என்று கேட்டார்.

"நடந்துதாம்மா. இந்தக் குறுக்கு வழியில," என்றார் சரசு அக்கா. "எம்மக இப்ப ஒன்பதாந்தரம். அடுத்த வருஷம் கீழ டவுனுக்கு அனுப்பணும். விடிகாலப் பனியில பொட்டப்புள்ளய தனியா அனுப்ப மனசு வரலம்மா. நிப்பாட்டிருவோம்னு இருக்கோம்."

"அப்ப நானும் நடக்கிறன்," என்றார் பணிப்பாளர்.

தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் படிகள், படிகள் என்று பெயருக்குத்தான். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினார். ஒரு இடத்தில் வழுக்கி முழங்கையைக் குத்திக்கொண்டார். காலில் ஏறியிருந்த அட்டையை இரண்டு விரலால் பிடுங்கி எறிந்தார். நான் கோப்பைச் சுமந்துகொண்டு, சேறு வடிய, பின்னால் போனேன். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றவர், நான் என்ன பாடம் படிப்பிக்கிறேன் என்று கேட்டார்.

கணிதம் என்றேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. சித்திரம் என்று சொல்லியிருக்கலாம்.

"நானும் இருபது வருஷம் கணிதம்தான் படிப்பிச்சனான்," என்றார். "சொல்லும் பாப்பம். சில்லின்ர விட்டம் கூடினா, ஒரு சுத்துக்குப் போற தூரம் என்னவாகும்?"

"கூடும், மேடம்."

"அப்ப எஞ்சினுக்கு?"

"...பாரம் கூடும், மேடம்."

"விடை சரி," என்றார் அவர். "செய்முறைதான் பிழைச்சுப் போச்சு." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் தோள் குலுங்கியது மூச்சிரைப்பால் அல்ல என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மேலே மாலையோடும் பாண்ட் வாத்தியத்தோடும் காத்திருந்த அதிபர், சேற்றுக்காலோடு குறுக்கு வழியில் முளைத்த பணிப்பாளரையும், அவருக்குப் பின்னால் என்னையும் பார்த்தார். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. வகுப்பு வகுப்பாகப் போன அம்மா, ஒன்பதாம் தரத்தில் மட்டும் நெடுநேரம் நின்றார். அடுத்த வருடம் எத்தனை பேர் டவுனுக்குப் போவீர்கள் என்று கேட்டார். எட்டுக் கைகள் உயர்ந்தன. இருந்தவர்கள் இருபத்துமூன்று பேர். அவர் கோப்பைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

பின்னேரம் ராஜனும் கொழுந்துப் பெண்களும் சேர்ந்து ஜீப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார்கள். இருட்டுவதற்கு முன்பே என் கதை தொழிலாளர்கள் குடியிருக்கும் நான்கு லயங்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த வாரம் ஹட்டனுக்குப் போய் முப்பத்தொரு அங்குல டயர் போட்டுக்கொண்டேன். அந்த லீவரையும் திருத்தினேன். நிமல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அனுமதி நான்கு மாதத்தில் வந்தது. பிள்ளைகளின் வழியைத் தாமே நடந்து பார்த்ததாகப் பணிப்பாளர் எழுதியிருந்தாராம். அதிபர் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, ஜீப் ஒழுங்காக ஏறியிருந்தால் அந்த அம்மா உட்கார்ந்தே வந்து உட்கார்ந்தே போயிருப்பார் என்றார். அது பாராட்டா என்று நான் கேட்கவில்லை. சரசு அக்காவின் மகள் பத்தாம் தரத்தில் என் வகுப்பில்தான் முன்வரிசையில் இருந்தாள். வட்டத்தின் சுற்றளவு நடத்த வந்த அன்று, நான் பலகைப் பக்கம் திரும்பியதுமே வகுப்பு முழுவதும் சிரிக்கத் தொடங்கிவிட்டது.

போன வருடம் பணிப்பாளர் அம்மா ஓய்வு பெற்றார். பிரிவுபசார விழாவுக்கு மேகலாவும் நானும் போயிருந்தோம். மண்டபம் நிறைய ஆசிரியர்கள், அதிகாரிகள். ஒவ்வொருவராகப் பேசி முடித்து, அவரை மேடைக்கு அழைத்தார்கள். அந்த மேடையின் முதல் படி கொஞ்சம் உயரம். அவர் அதன் முன்னால் நின்றார், காலைத் தூக்கிப் பார்த்தார், பிறகு சபைப் பக்கம் திரும்பினார்.

"எங்கட கணித வாத்தியார் வந்திருக்கிறாரோ?" என்று கேட்டார்.

கதை தெரிந்தவர்கள் உடனே சிரித்தார்கள். தெரியாதவர்கள் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்கள். மேகலா என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அப்போதுதான் கவனித்தேன், நான் பாதி எழுந்துவிட்டிருந்தேன்.