பாவம் குடிக்கும் கல்

காற்றைத் தின்னும் கல் ஒன்று ஊருக்கு வந்திருப்பதாகச் செய்தி பரவிய மறுநாளே, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய உரக்கிடங்கின் முன்னால் வரிசை நின்றது. வரிசையில் வங்கி மேலாளர் இருந்தார். அறிவியல் ஆசிரியர் இருந்தார். மூச்சு வாங்கும் நோயாளிகள், நிற்க முடியாததால், செருப்பை வரிசையில் விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். செருப்புகள் மிகுந்த பக்தியோடு நகர்ந்தன.

கல்லின் சொந்தக்காரரை மூச்சய்யா என்றார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. எரிமலைப் பாறைகளை ஆராய வந்த குழு ஒன்றுக்கு மூன்று வருடங்களுக்கு முன் ஜீப் ஓட்டியவர். பின் இருக்கையில் அவர்கள் பேசியதில் பாதி அவர் காதில் விழுந்தது: இந்தக் கருப்புக் கல் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சும் என்கிற பாதி. மீதிப் பாதி வந்தபோது ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பாதி உண்மை போதாதா? அதை வைத்துக்கொண்டு ஒரு கிடங்கையே பிடித்துவிடலாம்.

சடங்கு எளிமையானது. மேசைமேல் கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீர். பெயர் சாட்சி நீர். வந்தவர் இடக்கையில் கல்லைப் பிடித்துக்கொண்டு, குழாய் வழியாக அந்த நீருக்குள் ஊத வேண்டும். நீர் வெளுத்துப் பால் கலந்ததுபோல் ஆகும்.

"பாத்தியா, உள்ள இருந்த பாவம்," என்பார் மூச்சய்யா. "நிறுத்தாம ஊது. கல்லு குடிக்கட்டும்."

ஊத ஊத வெளுப்பு கரைந்து நீர் மறுபடி தெளியும். பாவம் போயிற்று. கையில் ஒரு பொட்டலம் கல்பொடி கொடுப்பார். தினம் காலையில் மூக்கால் மூன்று தரம் உறிஞ்ச வேண்டும்.

இதில் ஒரு விசேஷம். நீண்ட நேரம் ஊத முடிந்தவர்களுக்கெல்லாம் நீர் தெளிந்தது. ஊரிலேயே இரண்டு பேர் மண்டையை உடைத்த உடற்பயிற்சிக்கூடக்காரன் மூன்றே நிமிடத்தில் புண்ணியவானாகி வெளியே வந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கல் உடைக்கும் ஆலையில் இருபது வருடம் இயந்திரம் ஓட்டியவருக்கு நீர் தெளியவில்லை. அவர் நுரையீரலில் பாதி தூசி. நாலு தரம் ஊதினார், இருமல் வந்தது, குழாயைக் கீழே வைத்துவிட்டார்.

மூச்சய்யா குவளையைத் தூக்கிப் பார்த்தார். "உனக்குப் பாவம் கெட்டி. நீ வாயில அடிச்சுக்கிறியே அந்த மருந்து, அதுதான் பாவத்துக்குத் தீனி. அத நிறுத்திட்டு வா."

நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் அவருடைய அக்கா வந்து பார்த்தபோது தம்பி சுவரில் முதுகைச் சாய்த்து, உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு ஊர்க் குடிநீர் நிலையத்தில் தண்ணீரைச் சோதிக்கிற வேலை. நடந்ததைக் கேட்டாள். மருந்துக் குப்பியை எடுத்து நீட்டினாள்.

"பாவம் கூடிடும்க்கா."

"கூடுற பாவம் எனக்கு வரட்டும். நீ அடி."

அடித்தார். மூச்சிரைப்பு கொஞ்சம் தணிந்தது.

"அந்தக் கல்லு எங்கேருந்து வருதுடா?"

"எங்க ஆலையிலேருந்துதான். நான் உடைச்சதாக்கூட இருக்கும்."

"இருபது வருஷமா அந்தப் பொடியத்தான சுவாசிச்ச? அது பாவத்தக் குடிக்கும்னா ஊர்லயே சுத்தமான ஆளு நீயாத்தான இருக்கணும்?"

தம்பி பாறையை உடைத்தே பழகியவர். இந்தக் கேள்வி அவரை உடைக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் மருந்தை விடாமல் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலை அக்கா கிடங்குக்குக் கிளம்பியபோது, "நானும் வரேன்," என்றார்.

அக்கா வரிசையில் நின்றாள். முறை வந்ததும் பையிலிருந்து ஒரு சோடா பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எனக்கில்லீங்க. இந்தச் சோடாவுக்குப் பாவம் பாக்கணும்."

கூட்டம் சிரித்தது. மூச்சய்யா மறுப்பதற்குள் மூடியைத் திறந்து, குழாய் செருகிய தக்கையால் பாட்டிலின் வாயை அடைத்து, குழாயின் மறுமுனையைச் சாட்சி நீருக்குள் விட்டு, பாட்டிலைக் குலுக்கினாள். வாயு நீருக்குள் குமிழியிட்டது. நீர் வெளுத்தது. சோடா என்ன பாவம் செய்ததோ. தொடர்ந்து குலுக்கினாள். நீர் தெளிந்தது.

"கல்லே பிடிக்கலையே," என்றார் அன்றும் வரிசையில் நின்ற வங்கி மேலாளர்.

"பக்கத்துல இருந்தாலே போதும்," என்றார் மூச்சய்யா. "கல்லோட சக்தி அறை முழுக்க நிக்குது."

"சரி. சார், அந்தக் கல்லுக் கூடையத் தூக்கித் தெருக்கோடில வெச்சிட்டு வாங்க," என்றாள் அக்கா.

மேலாளர் தூக்கிக்கொண்டு போனார். வங்கியில் அவர் தாள்களைத் தவிர வேறெதையும் தூக்கியவர் அல்ல. அக்கா வேறொரு குவளைச் சாட்சி நீரை, பின்னால் நின்ற அறிவியல் ஆசிரியரிடம் நகர்த்தி, அவருடைய செருப்பையே அவர் கையில் கொடுத்தாள். ஆசிரியர் ஊதினார். வெளுத்தது. ஊதினார். தெளிந்தது. செருப்புக்கும் அதே சக்தி.

"இது தண்ணி ஊத்தி நீர்க்க வெச்ச சுண்ணாம்பு நீர்," என்றாள் அக்கா. "நம்ம மூச்சுல கரியமில வாயு இருக்கு. அது இதுல கலந்தா வெளுக்கும். இன்னும் நிறையக் கலந்தா வெளுத்தது கரைஞ்சிடும். நல்லா ஊத முடிஞ்சவனுக்குத் தெளியும், நோயாளிக்குத் தெளியாது. இத்தன நாளா யாருக்கு நோயோ அவங்களத்தான் பாவின்னு சொல்லிக்கிட்டிருந்தாரு."

எல்லோரும் ஆசிரியரைப் பார்த்தார்கள்.

"வருஷா வருஷம் நடத்துற பாடம்தான்," என்றார் ஆசிரியர் மெல்ல. "நடத்துறது வேற, ஞாபகம் வர்றது வேற."

மூச்சய்யா விடவில்லை. "அப்போ கல்லு காத்தத் தின்னாதுங்கிறியா? பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரங்களே சொன்னது."

"தின்னும். அது நிஜம். மழை பெய்யுறப்போ காத்துல இருக்கிற கரியமில வாயு தண்ணியில கரையுது. அந்தத் தண்ணி எரிமலைக் கல்லக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு, ஆத்தோட கடலுக்குக் கொண்டுபோகுது. அங்க சிப்பியா, சுண்ணாம்புப் பாறையா அடியில படியுது. அப்புறம் என்னிக்காவது எரிமலை வெடிச்சுத் திரும்பக் காத்துக்கு வருது. பூமி சூடானா அரிப்பு வேகமாகும், குளிர்ந்தா மெதுவாகும். பூமி ஒரேயடியா வெந்துபோகாம இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா இதுக்கெல்லாம் லட்சக்கணக்கான வருஷம் ஆகும். இவரு மூணு நிமிஷத்துல முடிக்கிறாரு."

"பொடியாக்கினா சீக்கிரம் நடக்கும்னு சொன்னாங்க," என்றார் மூச்சய்யா, சின்னக் குரலில்.

"நடக்கும். வயல்ல தூவினா மண்ணுல அது கரையும். மூக்குல தூவினா மனுஷன்தான் கரைவான்."

தம்பி முன்னால் வந்தார். பொட்டலம் ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிக் கூட்டத்துக்குக் காட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தவருக்கு இருமல் வந்தது. நெடுநேரம் இருமினார். இருமல் ஓய்ந்தபோது சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. வாங்கியிருந்த பொட்டலங்களைச் சிலர் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். மூச்சய்யா பின்கதவைத் திறந்துகொண்டு வேகமாக நடந்தார். அவருக்கு மூச்சு வாங்கியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அக்கா தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது ஒரு பெண் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். அந்தச் சோடா எந்தக் கடையில வாங்கினீங்க? கல்லைவிட அதுக்குத்தான் சக்தி அதிகம்போல இருக்கு."

அக்கா பாட்டிலை அவள் கையில் கொடுத்து, "வீட்டுக்குப் போய் நீயே சோதிச்சுப் பாரும்மா," என்றாள்.

கல் கரைய லட்சக்கணக்கான வருடம் எடுத்துக்கொள்கிறது. அதற்கு மூளை இல்லை, மன்னித்துவிடலாம்.