ராக்காயி லொட்ஜ் வெப்சைட்டில் எண்பத்தேழு பேர்

முருகன் துணை

டிக்கோயா,
20.11.2003

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் அழகுமுத்து அவர்களுக்கு,

தங்கள் தங்கை நாகலெட்சுமியின் கணவன் முத்துலிங்கம் எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் நாங்களும் லொட்ஜின் நாலு ரூமும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அவ்விடத்தில் குவைத்து வெயிலில் தாங்களும் தங்கள் கம்பெனி ஏசியும் அவ்வண்ணமே இருக்க வேண்டுமென்று இறைவனை இறைஞ்சுகிறேன். நிற்க.

தலைபோகிற விசயம் ஒன்று. மகள் ஜீவராணிக்குத் தாங்கள் ஏற்பாடு செய்திருக்கிற விசாவைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அனுப்பியிருந்தால் தபால்காரரை எங்கேயாவது மறித்து வாங்கி வைக்கவும். காரணத்தை விவரமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசிக்கவும்.

கண்டியில கம்ப்யூட்டர் படிப்பை முடிச்சிட்டு வந்த பிள்ளை, போன மாசம் ஒருநாள் சோத்துல கைய வச்சிக்கிட்டு, "அப்பா, நம்ம லொட்ஜுக்கு ஒரு வெப்சைட் செய்யிறேன். ஒரு மாசத்துக்குள்ள அதப் பாத்துட்டு வெளியாளு ஒருத்தரு ரூம் கேட்டா நான் இங்கனயே நிக்கிறேன். இல்லாட்டி மாமா சொன்ன வேலைக்குப் போறேன்"னு சொல்லிட்டா. எனக்குச் சோறு இறங்கல மச்சான். இருக்கிறது ஒத்தப் பிள்ளை. அவ போயிட்டா அந்த நாலு ரூமையும் பூட்டிட்டு நானும் உங்க தங்கச்சியும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். அதனால இந்த வெப்சைட்டை நானே முன்ன நின்னு நடத்துறதுன்னு முடிவு பண்ணினேன். அங்கதான் வினை ஆரம்பம்.

பிள்ளை ஒரு தாளுல கோடு போட்டுக் காட்டுனா. மேல ரூம் படம், அதுக்குக் கீழ வாடகை, டெலிபோன் நம்பரு, அவ்வளவுதான். நான் கேட்டேன், ஒரு சாமி படம் இல்ல, ஒரு பெரியவங்க பேரு இல்ல, நாளைக்கு நாலு பேரு மொகத்துல எப்பிடி முழிக்கிறதுன்னு. நேரா அட்டன்ல அச்சகம் வச்சிருக்கிற நம்ம செல்லசாமி அண்ணன்கிட்ட போனேன். இந்தப் பக்கத்துல கலியாணமா, காதுகுத்தா, தேர்த் திருவிழாவா, எல்லா நோட்டீசும் அவரு கைதானே. அவரு கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டு, வெப்சைட்டுன்னா வேற ஒண்ணும் இல்ல, ஒட்டாத நோட்டீசு, அம்புட்டுதான்னாரு. எனக்கு அப்பத்தான் உசுரு வந்துச்சு.

ரெண்டு பேரும் உக்காந்து எழுதினோம். உச்சியில பிள்ளையாரு, ரெண்டு பக்கமும் புத்தரும் மாதாவும், ஏன்னா சீசனுக்குச் சிவனொளிபாத மலைக்கு எல்லாரும்தான் வாராங்க. அதுக்குக் கீழ "தங்கள் வரவை நாடும்"னு போட்டு நம்ம சொந்தக்காரங்க பேரு. மொதல்ல பதினாறு பேருதான் மச்சான், சத்தியமா. அப்புறம் உங்க தங்கச்சி வந்து எங்க ஆளுக பேரு ஒண்ணுகூட மேல்வரிசையில இல்லையேன்னு ரெண்டு நாளு அடுப்பு மூட்டல. சரின்னு உங்க பக்கத்துல இருபத்தொரு பேரைச் சேத்தோம். உங்க பேரு கொட்டை எழுத்துல இருக்கு. அதைக் கேள்விப்பட்டு என் பெரியப்பா மகன் தலவாக்கலையில இருந்து மொதப் பஸ்ஸுல வந்து இறங்கி, தான் மூத்தவனா இல்லையான்னு வாசல்லயே நின்னு நாயம் கேட்டாரு. அவரை மேல ஏத்துனா இன்னொருத்தரு கீழ போறாரு. தோட்டத்துத் தலைவரு, கோயில் கமிட்டி, தோட்ட வேலையை மேற்பாக்கிற கண்டாக்கையான்னு எல்லாரையும் போட்டு முடிக்கையில எண்பத்தேழு பேரு. ரூம் படம் நாலும் அடியில, "அச்சுப்பதிவு செல்லசாமி"ன்னு போட்டிருக்கிறதுக்கும் கீழ. பிள்ளை நோட்டீசைப் பாத்தா, என்னையப் பாத்தா, ஒரு வார்த்தை பேசல. அந்தப் பேசாம இருக்கிற குணம் உங்க பரம்பரைதான்.

கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கிற மயூரதன், நம்ம யாழ்ப்பாணத்து மாஸ்டரோட மகன், அந்த நோட்டீசை அப்பிடியே படமாப் பிடிச்சு ஏத்துனாரு. ஏத்துறப்பவே, "அண்ணை, இது சரியான பாரம். உதைத் திறந்து பார்க்க ஆருக்கும் பொறுமை இராது"ன்னு சொன்னாரு. மலையேற வாற ஆளுக்குப் பொறுமை இல்லாமயா இருக்கும்னு நான் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில ஒன்பது பன்னண்டுக்குச் சுபநேரம். சொந்தபந்தம் முப்பது பேரு கடைக்குள்ள, மிச்சப் பேரு ரோட்டுல. வடை, கேசரி, பிளேன்டீ எல்லாம் ஏற்பாடு. ஐயரு தேங்காய உடைக்க, நான் பட்டனை அமுக்குனேன். மச்சான், அது மேலருந்து கீழ ஒவ்வொரு நூலா வருது! பிள்ளையாரு கிரீடம் வரவே பத்து நிமிசம். தும்பிக்கை பாதி வந்திருக்கையில யாரோ கடைக்கு டெலிபோன் எடுத்துட்டாங்க, லைன் அறுந்து போச்சு. திரும்பவும் கிரீடத்துல இருந்து. வடை முடிஞ்சுது. எல்லாரும் கழுத்தை நீட்டிக்கிட்டு தன் பேரு எப்ப வரும்னு நிக்கிறாங்க. பன்னிரண்டாம் பேரு தலையெடுக்கையில மணி பத்தரை, ராகுகாலம். நாகலெட்சுமி ஓடிவந்து முந்தானையால கம்ப்யூட்டரை மூடிட்டா. பதின்மூணாம் பேரு யாருன்னு நினைக்கிறீங்க? என் பெரியப்பா மகன்தான். அன்னையிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

அப்புறம் மூணு கிழமை ஒரு ஈ காக்கா கேக்கல. பிள்ளை பாஸ்போட்டை எடுத்து அலுமாரி மேல வச்சிட்டா. நான் தினமும் ஒரு தரம் மயூரதன் கடைக்குப் போயி பேரெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு வருவேன். இப்பவெல்லாம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள மொத்தமும் வந்துருது. வெப்சைட்டும் பழகப் பழகத்தான் ஓடும் போல.

ஆனா பாருங்க, நமக்கும் ஒரு காலம் வந்துச்சு. போன கிழமை ஈமெயில்ல ஒரு வெள்ளைக்காரரு எழுதியிருக்காரு, பேரு பீட்டராம். எங்கள் பெரிய குடும்பத்தின் பெயர்களை ஒன்றுவிடாமல் வாசித்து மகிழ்ந்தாராம்! டிசம்பர் பதினாலாந் தேதி வாராராம். பின்பக்கம் இருக்கிற மூணாம் நம்பர் ரூம்தான் வேணுமாம். காலையில தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும் போதுமாம். அந்த ரூம் பாத்ரூம் கொண்டியைத் தூக்கிப் பிடிச்சு இழுத்தாத்தான் திறக்கும்னும், அதைச் செஞ்சு வச்சா நல்லதுன்னும் எழுதியிருக்காரு. வெள்ளைக்காரன் எதைச் செஞ்சாலும் எப்பிடித் துருவித் துருவி விசாரிச்சு வச்சிருக்கான் பாத்தீங்களா! ஜீவராணி அதை வாசிச்சுக் காட்டிட்டு, சரிப்பா, நிக்கிறேன்னு சொன்னா. நான் கொல்லைப்பக்கம் போயி அழுதுட்டு வந்தேன் மச்சான், உங்ககிட்ட சொல்றதுக்கென்ன.

ஆகவே விசா தேவையில்லை. தாங்கள் எடுத்த சிரமத்துக்கு என்றும் நன்றியுடையோம். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மாரியம்மன் தங்களை ஒரு குறையுமில்லாமல் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்,
க. முத்துலிங்கம்
உரிமையாளர், ராக்காயி லொட்ஜ்

பி.கு: கடிதத்தை நாகலெட்சுமிக்கு வாசிச்சுக் காட்டினேன். கொண்டி விசயத்துல நிப்பாட்டிட்டா. போன வருசம் அந்தப் பாத்ரூமுக்குள்ள ஒரு மணித்தியாலம் மாட்டிக்கிட்டுக் கத்துனது எங்கண்ணன் மட்டும்தானேன்னு கேட்டா. மச்சான், பீட்டரு நீங்களா? என்ன மனுசன்யா நீங்க. ஆனா பிள்ளைக்குத் தெரிஞ்சா அன்னைக்கே பாஸ்போட்டைத் தூக்கிருவா. தயவுசெஞ்சு பதினாலாந் தேதிக்கு ஒரு வெள்ளைக்காரனை எப்பாடு பட்டாவது அனுப்பி வையுங்க, பேரு பீட்டரா இருக்கணும். கவரை நல்லா ஒட்டி ஜீவராணிகிட்டயே தபாலுக்குக் குடுத்து விடுறேன்.

மாமா, ஜீவராணி எழுதுறேன். கவரு பாதிதான் ஒட்டியிருந்துச்சு. பீட்டரு யாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும், ஈமெயிலுக்கு அடியில உங்க கம்பெனிப் பேரு தானாவே விழுந்திருந்துச்சு. உங்களுக்கே நான் இங்க நிக்கிறதுதான் பிடிச்சிருக்குன்னா அப்புறம் நான் ஏன் வரணும்? அந்த ஈமெயில் வந்த மறுநாளே வெப்சைட்டுல இருந்து நோட்டீசைக் கழட்டிட்டு ரூம் படத்தை ஏத்திட்டேன். முந்தாநாள் ஒல்லாந்துல இருந்து ரெண்டு பேரு, நிசமான ஆளுங்க, ரூம் கேட்டு எழுதியிருக்காங்க. அப்பா தினமும் பாக்குறது மயூரதன் கடையில சேமிச்சு வச்சிருக்கிற பழைய படம். எண்பத்தேழு பேரும் அந்த ஒரு கம்ப்யூட்டருலதான் இருக்காங்க, சொல்லிடாதீங்க. பதினாலாந் தேதி நீங்களே வாங்க மாமா. மூணாம் நம்பர் ரூமை ஒதுக்கி வச்சிருக்கேன். கொண்டி இன்னும் அப்பிடியேதான் இருக்கு.