மடியில் நிற்காத கிட்டார்

கிட்டார் மூன்றாவது முறையாகக் கலைச்செல்வியின் மடியிலிருந்து வழுக்கியது. மாரீஸ்வரன் சாப்பிட்ட கையோடு பாய்ந்து பிடித்தான். கிட்டார் தப்பியது. அதன் கழுத்து முழுக்கப் புளிக்குழம்பு.

"நல்லாப் பிடிச்சிய போங்க. கம்பியில வெண்டைக்கா தொங்குது" என்றாள் கலை.

"ஏன் இப்படி வழுக்குது?"

"ஏனா? இங்க பாருங்க." வயிற்றைக் காட்டினாள். ஏழாம் மாதம். "மடின்னு ஒண்ணு இருந்தாத்தானே கிட்டார் உக்காரும்? பூரா இடத்தையும் உங்க பிள்ளை புடிச்சிருச்சு."

"அப்ப ஹபீபாவுக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கே?"

ஹபீபா பக்கத்து வீடு. ஜாக்கெட் தைப்பவள். மதியம் மெஷினை ஓரங்கட்டிவிட்டுக் கலையிடம் கிட்டார் கற்றுக்கொள்கிறாள்.

"அவளுக்கு வாயால சொன்னாப் போதும்" என்ற கலையின் குரல் இறங்கியது. "வளைகாப்பு முடிஞ்ச கையோட அம்மா என்னை அம்பர்நாத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவா. பிறவு பிள்ளை பெத்துத்தான் வருவேன். அதுக்கு முன்னாடி, நானா போட்ட அந்த மெட்ட ஒரு தடவ முழுசா, நிறுத்தாம வாசிச்சிட்டுப் போணும்னு இருந்தேன். நடக்காது போல."

மாரீஸ்வரன் கம்பியிலிருந்து வெண்டைக்காயை எடுத்தான். அவன் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறான். ஏற்றுமதி சீசன் என்றால் ஓவர்டைம்தான். வீட்டுக்கு வருவது தூங்கத்தான். அதற்குள் கலை தூங்கியிருப்பாள். இன்று பட்டறையில் கரண்ட் போனதால்தான் இந்தப் புளிக்குழம்பே சூடாகக் கிடைத்தது.

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.

மறுநாள் ஆறு மணிக்கே மெஷினை மூடினான்.

"க்யா ரே? இவ்வளவு ஜல்தி கிளம்பிட்டே?" என்றார் பட்டறை முதலாளி வாசிம் பாய். "மீதி பேக்கை எல்லாம் யாரு தைப்பாங்க, உன் பொண்டாட்டி கிட்டாரா?"

"ஒரே ஒரு நாள் பாய். மாட்டுங்காவுல கடையை மூடிருவான்."

மாட்டுங்காவில், கிட்டார் வாசிக்கிறவர்கள் காலைத் தூக்கி வைக்கிற குட்டி ஸ்டூல் ஒன்றை வாங்கிக்கொண்டு ஏழு மணிக்கு வீட்டில் இருந்தான். கலை கதவைத் திறந்தவள் கடிகாரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஓடிப்போய் டீ போட்டாள்.

ஸ்டூலில் இடது காலை வைத்ததும் தொடை உயர்ந்தது. தொடையோடு கிட்டாரும் உயர்ந்து வயிற்றின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. கலை இரண்டு வரி வாசித்திருப்பாள். உள்ளேயிருந்து ஓர் உதை. டொம்! கிட்டார் அதிர்ந்தது.

"தாளம் போடுதான்ல!" என்றான் மாரீஸ்வரன், முகமெல்லாம் பல்லாக.

"தாளமா? போன்னு தள்ளுதான். காலு வேற மரத்துப் போச்சு. இது சரிப்படாதுங்க."

அடுத்த முறை, ரப்பர் கிண்ணங்கள் வைத்த இரும்புச் சட்டம் ஒன்று வாங்கி வந்தான். கிண்ணங்கள் கிட்டாரைக் கவ்விப் பிடிக்கும், சட்டம் தொடையில் நிற்கும். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் அதை வைத்துக்கொண்டு கண்ணை மூடி வாசித்தார். அவருடைய ஊரில் மும்பை வேர்வை கிடையாது. கலை வாசிக்க ஆரம்பித்ததும் ஒவ்வொரு கிண்ணமாக 'ப்ளக்', 'ப்ளக்' என்று கழன்றது.

"ஈரமா இருந்தா நல்லாப் புடிக்கும்" என்று கிண்ணங்களை நனைத்து, முழு பலத்தோடு அழுத்தினான். இப்போது பிடித்தது. பிடித்தது என்றால், கழற்ற முடியாத அளவுக்குப் பிடித்தது.

"இழுக்காதிய. பாலிஷ் போயிரும்."

"நீ கிட்டாரை மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கோ."

இழுத்தான். சட்டம் கையோடு வந்தது. அவன் பின்னாலேயே போய், மூலையில் இருந்த நீல டிரம்முக்குள் உட்கார்ந்தான். நாளைக்கு வேண்டிய தண்ணீர் பாதி அறைக்குள், பாதி சந்துக்குள். வெளியே யாரோ, "அரே, பானி ஆகயா!" என்று, குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாக நினைத்துக் குடத்தோடு ஓடினார்கள்.

கலைக்குச் சிரிப்பு நிற்கவில்லை. டிரம்முக்குள் இருந்தபடியே அவனும் சிரித்தான். இரண்டு பேரும் இப்படிச் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவனுக்கு ஞாபகம் வரவில்லை. தரையைத் துடைத்து முடித்ததும் கலை சொன்னாள்: "இதுவும் சரிப்படாதுங்க."

கடைச் சாமானை நம்பியதுதான் தப்பு என்று மாரீஸ்வரன் முடிவு செய்தான். தோல் வேலைக்காரன் வீட்டில் தோலில் செய்யாமல் வேறு எதில் செய்வது? வயிற்றை டேப்பால் அளந்துகொண்டு போனான். மெத்தென்ற ஆட்டுத்தோல், உள்ளே பஞ்சு, வயிற்றுக்கு ஏற்ற வளைவு, ஓரத்தில் இரட்டைத் தையல் என்று கிட்டாருக்கு அடியில் வைக்க ஒரு தலையணை தைத்தான். வாசிம் பாயே கையில் வாங்கிப் பார்த்து, "மாரி, இத எக்ஸ்போர்ட் பண்ணலாம்டா" என்றார்.

வேலைக்கு நடுவே தைத்ததால் முடிக்கக் கொஞ்ச நாள் ஆனது. கொண்டு வந்து வைத்தால் வளைவுக்குள் வயிறு போகவில்லை.

"சரியாத்தானே அளந்தேன்!"

"நீங்க அளந்தது போன வார வயித்த."

மறுநாள் வாசிம் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "பேக் தைக்கிற புத்தி! பேக்குக்கு ஒரு தடவை அளவு எடுத்தா முடிஞ்சது. பேக் வளராது, வயித்துல பச்சா வளரும்!"

பிரித்து, பெரிதாக்கித் தைத்தான். இப்போது வயிறு பொருந்தியது. ஆனால் கலையின் நைட்டியில் வழவழத் தோல் நிற்காமல், கிட்டாரும் தலையணையும் ஜோடியாகச் சறுக்கின. தோலைத் திருப்பிப்போட்டுச் சொரசொரப்பான பக்கம் வெளியே வரத் தைத்து, ஓரத்தைப் பசை போட்டு ஒட்டினான். அந்தப் பசை வாசனைக்குக் கலை வாயைப் பொத்திக்கொண்டு, பாத்திரம் கழுவும் மோரிக்கு ஓடினாள்.

இதற்கெல்லாம் அளவு பார்க்க, போட்டுப் பார்க்க என்று தினமும் ஆறு மணிக்கே கிளம்ப வேண்டியிருந்தது. வாசிம் பாய் இப்போது கேட்பதையே விட்டுவிட்டார். மணி ஆறானால், "போ, போ, உன் மியூசிக் கிளாஸுக்குப் போ" என்று கையை மட்டும் ஆட்டினார்.

வளைகாப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது அவன் கண்ணில் விட்டத்துக் கொக்கி பட்டது. பிள்ளைக்குத் தொட்டில் கட்ட அவனே அடித்து வைத்தது. கிட்டாருக்கு முன்னும் பின்னும் வார் கட்டி அதில் தொங்கவிட்டான்.

"மடியே வேண்டாம்ல! சும்மா கைய வச்சு வாசி."

கலை கையை வைத்தாள். கிட்டார் விலகிப் போனது. திரும்பி வந்தது. வரும்போது ஒரு சுரம், போகும்போது ஒரு சுரம். கலை நாற்காலியில் முன்னும் பின்னும் சாய்ந்து அதைத் துரத்தினாள்.

"ஏங்க, நான் வாசிக்கணுமா, தாலாட்டணுமா?"

மாரீஸ்வரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். தலையைத் தொங்கப் போட்டான்.

"என்னால முடியல கலை. ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டு நிம்மதியா உக்காந்து வாசிக்க உனக்கு ஒரு வழி பண்ணத் தெரியல. நீ பாட்டுக்குப் போயிருவ. நான் இந்த ஸ்டூலையும் சட்டத்தையும் பாத்துக்கிட்டுக் கிடப்பேன்."

கலை அவனையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அத அவுத்து எடுங்க. இங்கன, என் பக்கத்துல, தரையில உக்காருங்க. அடியில ரெண்டு கையாலயும் தாங்கிக்கிடுங்க. ஆ... அசையாதிய."

அவன் அசையவில்லை. கிட்டாரின் அடிப்பாகம் அவன் உள்ளங்கைகளில் இருந்தது, காது அதன் மரத்தின் மேல். கலை வாசித்தாள். நிறுத்தாமல், முழுசாக. ஒவ்வொரு சுரமும் மரத்தின் வழியே அவன் காதுக்குள் நேராக இறங்கியது. நடுவில் ஓர் உதையும் இறங்கியது.

"எப்படி இருக்கு?" என்றான், கண்ணைத் திறக்காமல்.

"இதுதாங்க சரி" என்றாள் கலை.

அடுத்த இரண்டு நாளும் ஆறு மணிக்கு ஓடி வந்து தரையில் உட்கார்ந்தான்.

வளைகாப்பு அன்று அந்தச் சின்ன அறை பெண்களால் நிரம்பியது. ஆண்கள் எல்லாம் சந்தில் நின்றார்கள். கலையின் இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம். கிட்டாரை எடுத்தவள் வாசலைப் பார்த்தாள். மாரீஸ்வரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தான்.

"மாப்ள, பொம்பளைய இருக்க இடத்துல நீங்க என்னத்துக்கு?" என்றாள் மாமியார் பேராச்சி.

"நான் இல்லாட்டி கிட்டார் வழுக்கிரும் அத்தை" என்று கலையின் காலடியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஏந்தினான். யாரோ அவன் கன்னத்திலும் சந்தனத்தைப் பூசினார்கள். ஒரே சிரிப்பு. கலை வாசித்தாள். வளையல்கள் மரத்தில் பட்டுக் கிணுகிணுத்தன. பாட்டு முடியும்வரை ஒரு தடங்கல் இல்லை. கடைசிச் சுரம் அடங்கியபோது பேராச்சிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மரத்துப்போன காலை நீட்ட முடியாமல் மாரீஸ்வரன் அப்படியே கிடந்தான்.

ஹபீபா கையில் சந்தனக் கிண்ணத்தோடு அவனைப் பார்த்தாள், கலையைப் பார்த்தாள்.

"ஏக்கா, நேத்து மத்தியானம் எங்க வீட்டுத் தரையில சம்மணம் போட்டு, கிட்டாரைச் சும்மா கொஞ்சம் சரிச்சு வச்சு, நாலு பாட்டு வாசிச்சிய... இது அண்ணன் வந்தாத்தான் வழுக்குமோ?"